எந்த ஊர் ஆள், எந்த ஊர்ச் சரக்கு?

2025 கோடை விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பு, இங்கிலாந்தின் லெஸ்டரில் இருக்கும் என் சித்தி மகன் போன் செய்தான். "அண்ணே, அந்த மருத்துவ அட்டை தபால்ல வந்துடுச்சு. நாலு பேருக்கும் வந்துடுச்சு. இனிமே டிராவல் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டாம்ல?" பாரிஸில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் காரில் குடும்பத்தோடு போவதாகத் திட்டம். பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது: "நெய் டப்பா கொண்டு போலாமான்னும் கேளுங்க."

ஒன்று மருத்துவம், இன்னொன்று சுங்கம். சம்பந்தமே இல்லாத கேள்விகள் மாதிரிதான் இருக்கும். ஆனால் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு, அதாவது பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, என்ன மாறியது என்று புரிந்துகொள்ள இந்த இரண்டைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெளியேறியவர்களிடம் வாசலில் இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். ஆளைப் பார்த்தால், நீ எந்த ஊரில் குடியிருக்கிறாய்? சரக்கைப் பார்த்தால், நீ எந்த ஊரில் செய்யப்பட்டாய்? உள்ளே இருந்தவரை இவை யாருக்கும் பெரிதாக உறைத்ததில்லை.

ஒன்றியத்தில் உறுப்பினராக இருப்பது கூட்டுக் குடும்பத்தில் இருப்பது போல. எந்த அறைக்குள் வேண்டுமானாலும் போகலாம், எந்தப் பானையிலிருந்தும் எடுக்கலாம், கணக்கைப் பெரியவர்கள் வருஷக் கடைசியில் பார்த்துக்கொள்வார்கள். 2016 ஜூன் 23-ல் பிரிட்டன் மக்கள் வாக்களித்தார்கள். 51.9 சதவீதம் பேர் வெளியேறுவோம் என்றார்கள். 2020 ஜனவரி 31 இரவு பிரிட்டன் சட்டப்படி வெளியே வந்தது. உடனே எதுவும் மாறவில்லை. அந்த ஆண்டு முழுக்க இடைக்காலம், பழைய விதிகளே நடப்பில் இருந்தன. உண்மையான மாற்றம் 2021 ஜனவரி 1-ல்தான் வந்தது.

இங்கே பலரும் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. பிரிட்டனும் ஒன்றியமும் போட்ட முக்கியமான பத்திரங்கள் இரண்டு. முதலாவது வெளியேறும் ஒப்பந்தம். நம்மூர்க் கணக்கில் பாகப்பிரிவினைப் பத்திரம். பழைய பாக்கி எவ்வளவு, ஏற்கெனவே அந்தப் பக்கம் குடியேறிவிட்டவர்களின் கதி என்ன என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டாவது வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தம். பிரிந்தாயிற்று, இனி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் எப்படிப் போய்வருவது, கொடுக்கல் வாங்கல் எப்படி என்று எழுதி வைத்தது. 2020 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பேசி முடித்தார்கள். ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். அதைப் படித்துப் புரிந்துகொள்ள வியாபாரிகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாரம்.

இந்த இரண்டாவது பத்திரத்தின் கண்ணில் பிரிட்டன் ஒரு 'மூன்றாம் நாடு'. ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் எந்த நாட்டுக்கும் அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. இந்தியாவும் மூன்றாம் நாடுதான், பிரேசிலும் அப்படித்தான். பத்திரத்தில் எழுதிய சலுகை உண்டு. எழுதாதது இல்லை. அவ்வளவுதான்.

அட்டையும் மொய் நோட்டும்

சுற்றுலா போன இடத்தில் குழந்தைக்குக் காய்ச்சல். அந்த ஊர் அரசு மருத்துவமனையில் காட்டினால் யார் காசு கொடுப்பது? ஒன்றியம் கண்டுபிடித்த வழி நம் மொய் நோட்டு மாதிரிதான். மான்செஸ்டர்க்காரரை ஸ்பெயின் மருத்துவமனை கவனித்தால் செலவை ஸ்பெயின் தன் நோட்டில் பிரிட்டன் பெயரில் எழுதிக்கொள்ளும். ஸ்பெயினின் செவிய்யா ஊர்க்காரரை லண்டன் மருத்துவமனை கவனித்தால் பிரிட்டன் எழுதிக்கொள்ளும். அப்புறம் நாடுகள் தங்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ளும். நோயாளி இடையில் வர வேண்டியதில்லை. வெயிலைத் தேடித் தெற்கே போகும் பிரிட்டன்காரர்கள் அதிகம் என்பதால், இந்த நோட்டில் பிரிட்டன் வாங்கிய மொய்யைவிட வைத்த மொய்தான் எப்போதும் கூடுதல்.

அந்தக் கணக்குக்கு அடையாளச் சீட்டாக 2004-ல் ஐரோப்பிய மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்தது. எல்லோரும் ஈஹெச்ஐசி என்பார்கள். அதற்கு முன்பு ஈ111 என்று ஒரு காகிதப் படிவம் இருந்தது. மடித்து மடித்துக் கிழிந்துபோகும். பிரிட்டன் வெளியேறியபோது இந்த ஏற்பாடு மொத்தமாகப் போயிருக்கலாம். ஒப்பந்தம் இல்லாமல் பிரிந்திருந்தால் போயே இருக்கும். கடைசியில் புதுப் பத்திரத்தின் சமூகப் பாதுகாப்புப் பகுதியில் இதைச் சேர்த்துக் காப்பாற்றினார்கள். பழைய மொய் நோட்டை மூடிவிட்டுப் புது நோட்டு திறந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது நோட்டுக்குப் புது அட்டை: ஜிஹெச்ஐசி. விரித்தால் 'குளோபல் ஹெல்த் இன்சூரன்ஸ் கார்டு'. 2021 ஜனவரியில் வந்தபோது உலகளாவிய அந்த அட்டை, பழைய அட்டை செல்லுபடியான சுவிட்சர்லாந்திலேயே செல்லவில்லை. அந்த ஆண்டு நவம்பரில்தான் சுவிட்சர்லாந்து சேர்ந்தது. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் மூன்றும் பட்டியலுக்கு வர 2024 ஆனது. பெயர் வைத்தவருக்குத் தைரியம் அதிகம்.

அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வங்கி அட்டை அளவு. புகைப்படம் இல்லை, சிப் இல்லை. பெயர், பிறந்த தேதி, ஒரு நீளமான அடையாள எண், காலாவதி தேதி. ஒன்றியத்தின் நட்சத்திர வட்டம் இதில் கிடையாது. புகைப்படம் இல்லாததால் கூடவே பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள், எடுத்துப் போங்கள். அதிகபட்சம் 5 ஆண்டு செல்லும். பழைய ஈஹெச்ஐசி கையில் இருந்தால் அதில் அச்சிட்ட தேதிவரை அதுவே போதும், அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

இது முழுக்க இலவசம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் தடவை விண்ணப்பித்தபோது தேடலில் மேலே வந்த ஓர் இணையதளத்தை அரசுத் தளம் என்று நம்பி, 'பரிசீலனைக் கட்டணம்' 25 பவுண்டு கட்டிவிட்டேன். அவர்கள் செய்தது நான் நிரப்பிய அதே படிவத்தைப் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் தளத்தில் திரும்ப நிரப்பியது மட்டும்தான். காசு கேட்டால் அது சரியான தளம் இல்லை.

யாருக்கு இந்த அட்டை கிடைக்கும்? இங்கேதான் அந்த முதல் கேள்வி. என் தம்பியிடமும் அவன் மனைவியிடமும் இருப்பது இந்திய பாஸ்போர்ட். பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வாங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் பிரிட்டிஷ் குடிமக்கள். நால்வருக்கும் அட்டை வந்தது. ஏனென்றால் நீ எந்த நாட்டுக் குடிமகன் என்று அட்டை கேட்பதில்லை, எந்த நாட்டில் குடியிருக்கிறாய் என்றுதான் கேட்கிறது. யார் நாட்டு மருத்துவச் செலவுக் கணக்கில் நீ வருகிறாய் என்பதே விஷயம். விசாவில் இருப்பவர்கள் குடியிருப்புக்கான சான்றுகளைக் காட்ட வேண்டியிருக்கும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். லண்டனில் பிறந்து பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு, பத்து வருஷமாகச் சென்னையில் குடியிருப்பவருக்குப் பொதுவாக அட்டை கிடையாது. குழந்தைகளுக்குத் தனித்தனி அட்டை வேண்டும், அப்பா அட்டையில் ஒட்டிக்கொண்டு போக முடியாது.

சரி, அட்டை என்ன செய்யும்? ஊர் திரும்பும்வரை தள்ளிப்போட முடியாத சிகிச்சையை, அரசு மருத்துவ அமைப்பில் வாங்கித் தரும். விபத்து, திடீர்க் காய்ச்சல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரை, ஆஸ்துமா போன்ற பழைய வியாதி அங்கே போய்த் தொந்தரவு கொடுத்தாலும் சேர்த்திதான். கர்ப்பிணிக்கு வழக்கமான பரிசோதனையும் உண்டு, பிரசவத்துக்காகவே கிளம்பிப் போனால் கிடையாது. டயாலிசிஸ் போன்றவற்றுக்கு அந்த ஊர் மருத்துவமனையில் முன்கூட்டியே பேசி நேரம் வாங்கிவிட வேண்டும்.

இப்போது ஒரு முக்கியமான வரி: உள்ளூர்க்காரருக்கு என்ன விதியோ அதே விதி உங்களுக்கும். கேட்க நியாயமாக இருக்கிறது அல்லவா? ஆனால் பிரிட்டனில் டாக்டரைப் பார்க்கப் பணமே கொடுத்துப் பழகாதவர்கள் இந்த வரியில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிரான்ஸில் உள்ளூர்க்காரரே முதலில் பணம் கட்ட வேண்டும். 2024 டிசம்பரிலிருந்து பொது மருத்துவரைப் பார்க்க 30 யூரோ. அரசு அதில் 70 சதவீதத்தைத் தரும், அதாவது 21 யூரோ. அதிலும் 2 யூரோவைப் பங்குத்தொகை என்று பிடித்துக்கொள்ளும். ஆக 30 கொடுத்து 19 திரும்ப வரும், 11 கைக்காசு. பிரெஞ்சுக்காரர்கள் மிச்சத்துக்குத் தனியாக ஒரு காப்பீடு வைத்திருப்பார்கள். உங்களிடம் அது இருக்காது. மருத்துவமனையில் படுத்தால் சிகிச்சைச் செலவில் பொதுவாக 20 சதவீதமும், நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணமும் உங்கள் தலையில். 11 யூரோ போனால் போகிறது. நான்கு நாள் படுக்கை என்றால் கணக்கு வேறு மாதிரி. ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள், அங்கேயே மனுப் போட்டோ ஊர் திரும்பியபின் என்எச்எஸ் வழியாகவோ பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

இன்னொரு பொறி ஸ்பெயினில் கடற்கரை ஊர்களில் இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பறையில் "டாக்டர் வேண்டும்" என்று சொன்னால், அவர்கள் கூப்பிடுவது பெரும்பாலும் தனியார் கிளினிக்காக இருக்கும். அங்கே அட்டையை நீட்டினால் புன்னகையோடு திருப்பிக் கொடுப்பார்கள். அரசு மருத்துவமனை எது என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு அங்கே போவதுதான் வழி. அட்டையை வீட்டில் மறந்துவிட்டாலோ தொலைத்துவிட்டாலோ பதற வேண்டாம். இங்கிலாந்தில் அட்டை வழங்கும் என்எச்எஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தால், தற்காலிக மாற்றுச் சான்று ஒன்றை அனுப்புவார்கள். அட்டைக்கு உள்ள மதிப்பு அதற்கும் உண்டு.

அட்டை செய்யாதவை எவை என்று பார்த்தால், பெரிய செலவுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தனியார் சிகிச்சை கிடையாது. ஆல்ப்ஸில் பனிச்சறுக்கு ஆடிக் கால் ஒடிந்தால் மலையிலிருந்து இறக்கும் செலவு கிடையாது. படுத்த படுக்கையாக ஊருக்கு விமானத்தில் கொண்டுவரும் செலவு கிடையாது. சொல்லக் கூடாது, உடலை ஊர் கொண்டுவர வேண்டியிருந்தால் அதற்கும் இல்லை. பெயரில் 'இன்சூரன்ஸ்' என்று இருப்பதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. இது காப்பீடே அல்ல, இரு அரசுகளுக்கு நடுவே ஓடும் கணக்குக்கு ஓர் அடையாளச் சீட்டு.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவனுக்கும் அவன் மனைவிக்கும் இது விருப்பம் சார்ந்த விஷயமே இல்லை. இந்திய பாஸ்போர்ட்டில் பாரிஸ் போக, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு கட்டாயம், ஊருக்குத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும். அதைச் செய்யாத அட்டையை விசா மையத்தில் காட்டிப் பயனில்லை. பிள்ளைகளுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்பதால் விசாவும் வேண்டாம், சட்டப்படி காப்பீடும் வேண்டாம். ஆனால் மரத்தில் ஏறிக் கையை உடைத்துக்கொள்ளப் போவது அவர்கள்தானே? குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே பாலிசி எடுக்கச் சொன்னேன். சில நிறுவனங்களில், அட்டையைப் பயன்படுத்திச் செலவைக் குறைத்தால், நாம் முதலில் போட வேண்டிய கைத்தொகையைத் தள்ளுபடி செய்வார்கள். ஆக இரண்டும் கையில் இருப்பது வீணில்லை. பழைய வியாதிகளை மட்டும் பாலிசி எடுக்கும்போதே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஸ்பெயினிலேயே குடியேறியவர்களுக்கு இந்த அட்டை பொருந்தாது. அவர்களுக்கு எஸ்1 என்று தனிப் படிவம் இருக்கிறது. அயர்லாந்துக்குப் போனால் அட்டையே தேவையில்லை. இரு நாடுகளுக்கும் இடையில் ஒன்றியத்துக்கு முன்பே வந்த பொதுப் பயண ஏற்பாடு உண்டு, பிரிட்டனில் குடியிருப்பதற்குச் சான்று காட்டினால் போதும்.

வரி இல்லை, ஆனால் வாசல் உண்டு

இனி நெய் டப்பா. அதற்கு முன் சரக்கு எப்படிப் போகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

"ஒப்பந்தம் போட்டாயிற்று, வரி பூஜ்யம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை" என்று 2020 கடைசியில் செய்தி வந்தது. பொய் இல்லை. ஒப்பந்தம் இல்லாவிட்டால் பிரிட்டனில் செய்த காருக்கு ஒன்றியம் 10 சதவீத வரி போட்டிருக்கும். அது தவிர்ந்தது. ஆனால் வரி இல்லை என்பதை வாசலே இல்லை என்று பலர் புரிந்துகொண்டார்கள்.

சுங்க ஒன்றியம் என்பது ஊரைச் சுற்றி ஒரே மதில். வெளிச் சரக்குக்கு எந்த வாசலில் வந்தாலும் ஒரே வரி. ஒரு தடவை கட்டி உள்ளே வந்துவிட்டால் ஊர் முழுக்கச் சுற்றலாம். தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் அப்படி இல்லை. இரண்டு ஊர், இரண்டு மதில், ஆளுக்கொரு வரி விகிதம். "உங்கள் ஊரில் விளைந்ததை, உங்கள் ஊரில் செய்ததை எங்கள் வாசலில் வரி இல்லாமல் விடுகிறோம்" என்பது மட்டும்தான் வாக்குறுதி. அப்படியானால் வாசலில் நிற்பவன் கேட்டே ஆக வேண்டும்: இது உண்மையிலேயே உங்கள் ஊர்ச் சரக்குதானா? கேட்காமல் விட்டால், எந்த ஊரில் வரி குறைவோ அந்த வழியாக உலகத்துச் சரக்கெல்லாம் உள்ளே வந்துவிடும். ஆவணங்களில் இதற்கு மூல நாட்டு விதி என்று பெயர்.

திருப்பூரில் தைத்த ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். பெலிக்ஸ்டோ துறைமுகத்தில் இறங்குகிறது, பிரிட்டனில் வரி கட்டியாகிறது. கிடங்கில் இஸ்திரி போட்டு, விலைச் சீட்டு தொங்கவிட்டு, புதுப் பெட்டியில் அடுக்கி டப்ளின் கடைக்கு அனுப்புகிறார்கள். 2020 வரை இதில் ஒரு கேள்வியும் கிடையாது. 2021-லிருந்து டப்ளினில் கேட்பார்கள். லண்டனிலிருந்து வந்தது என்ற பதில் செல்லாது. எங்கே தைத்தது? இந்தியாவில். இஸ்திரி போடுவது, சீட்டு ஒட்டுவது, பெட்டி மாற்றுவது இவையெல்லாம் ஊரை மாற்றாத வேலைகள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே திருப்பூர்ச் சட்டை திருப்பூர்ச் சட்டையாகவே இருக்கிறது. டி-ஷர்ட்டுக்கு ஒன்றியத்தின் பொது வரி 12 சதவீதம். ஒரே சட்டைக்கு இரண்டு வாசலில் இரண்டு வரி. சுங்கக் கிடங்கிலேயே வைத்திருந்து நேரே மறு ஏற்றுமதி செய்வது போன்ற வழிகள் இருக்கின்றன. அதற்கும் ஆள் வேண்டும், காகிதம் வேண்டும்.

இதைவிட வேடிக்கை, ஒன்றியத்திலேயே செய்த பொருளுக்கும் இதே கதி. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பிரிட்டிஷ் கடையில் பெர்சி பிக் என்று பன்றி முக வடிவில் இளஞ்சிவப்பு மிட்டாய் விற்பார்கள். செய்வது ஜெர்மனியில். பிரிட்டன் கிடங்குக்கு வரும், அங்கிருந்து அயர்லாந்துக் கடைகளுக்குப் போகும். ஜெர்மனியும் ஒன்றியம், அயர்லாந்தும் ஒன்றியம். ஆனால் நடுவில் பிரிட்டனுக்குள் கால் வைத்துவிட்டதால், 2021 ஜனவரியில் அந்த மிட்டாய்க்கு வரி வந்து நின்றது. பிறந்த வீட்டுக்குள் நுழைய வாசலில் காசு கேட்ட மாதிரி. நிறுவனத்தின் தலைவரே இதை வெளிப்படையாகச் சொல்லிக் குறைபட்டார். மின்சாரக் கார்களுக்கு இதே கேள்வி பேட்டரி வடிவில் வருகிறது. பேட்டரி ஆசியாவிலிருந்து வந்தால் கார் யார் ஊர்ச் சரக்கு? 2024-லேயே கடுமையாக வேண்டிய அந்த விதியை 2026 கடைசிவரை தள்ளிவைத்திருக்கிறார்கள்.

மூல நாட்டுக் கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று, வரியும் பூஜ்யம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை முடியவில்லை. ஒன்றியம் முழுக்க ஒரே விதிகள் செல்லும் ஒற்றைச் சந்தைக்குள் இருந்தபோது ஒரு நாட்டின் தரச் சான்றை மற்ற நாடுகள் நம்பின. வெளியே வந்ததும் அந்த நம்பிக்கை போயிற்று. உணவு என்றால் இது இன்னும் கடுமை. பால், இறைச்சி, மீன் எதுவானாலும் அதிகாரம் பெற்ற ஒருவர், பெரும்பாலும் கால்நடை மருத்துவர், கையெழுத்திட்ட சான்று வேண்டும். செஷையர் பகுதியின் சீஸ் வியாபாரி ஒருவர் கதை அப்போது பத்திரிகைகளில் வந்தது. ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கு அவர் அனுப்பிவந்த பரிசுப் பெட்டியின் விலை 25, 30 பவுண்டு. ஒரு பெட்டிக்கு வேண்டிய சான்றின் செலவு 180 பவுண்டு. வரி பூஜ்யம்தான்! பெரிய நிறுவனம் ஒரு லாரிக்கு ஒரு சான்று வாங்கிச் சமாளித்துவிடும், சில்லறையாக அனுப்புபவரால் முடியாது. இந்த ஏற்பாட்டில் என் மனதை உறுத்துவது இதுதான். மஸ்ஸல் போன்ற உயிருள்ள சிப்பி வகைகளை எடுப்போர் பாடு இன்னும் மோசம். சுத்திகரிக்காத சிப்பியை மூன்றாம் நாட்டிலிருந்து வாங்குவதில்லை என்பது ஒன்றியத்தின் பழைய விதி. பிரிட்டன் உள்ளே இருந்தபோது அதே விதிக்குத் தலையாட்டிய நாடுதான்.

சாதாரண ஆட்களுக்கு இந்த மாற்றம் உறைத்தது ஒரு சாண்ட்விச்சில். 2021 ஜனவரியில், நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலண்ட் துறைமுகத்தில், பிரிட்டனிலிருந்து வந்த ஓட்டுநர்களிடம் சுங்க அதிகாரிகள் வெள்ளித்தாளில் சுற்றிய ஹாம் (பன்றி இறைச்சி) சாண்ட்விச்சுகளைப் பறிமுதல் செய்ததை டச்சுத் தொலைக்காட்சி காட்டியது. இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியை மட்டுமாவது தரக் கூடாதா என்று ஓர் ஓட்டுநர் கேட்டார். முடியாது, எல்லாமே போகும் என்ற அதிகாரி, "பிரெக்ஸிட்டுக்கு வரவேற்கிறோம் ஐயா, மன்னிக்கவும்" என்றார்.

நெய்க்கும் அதே சட்டம்தான். மூன்றாம் நாட்டிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக் கூடாது. கைக்குழந்தைக்கான பால்மாவு 2 கிலோவரை விதிவிலக்கு. சரி, வேறு என்ன போகும் என்று தம்பி மனைவி கேட்க, நான் பட்டியலைப் பார்த்துச் சொன்னது எங்கள் குடும்பத்தில் இன்றும் பேசப்படுகிறது. மீன், உலர்த்தியதானாலும், ஆளுக்கு 20 கிலோவரை போகலாம். ஆக, நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு வழி. காய்கனி, இலை வகைகளுக்குத் தாவர நலச் சான்று வேண்டும். ஐந்து பழங்களுக்கு மட்டும் வேண்டாம்: தேங்காய், வாழை, அன்னாசி, பேரீச்சை, துரியன். கறிவேப்பிலை இல்லை. தேங்காய் போகும், தாளிக்கக் கறிவேப்பிலை போகாது. சட்னியின் பாதி எல்லைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது.

பார்சல் அனுப்பினாலும் இதே கேள்விகள் தாளில் வரும். உள்ளே என்ன, விலை என்ன, எங்கே செய்தது என்று சுங்கச் சீட்டில் எழுத வேண்டும். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசு 45 யூரோவுக்குள் இருந்தால் வரியில்லை. அதற்கு மேல் போனால் பரிசு வாங்குபவரிடம் தபால்காரர் காசு கேட்பார். உறவு கெட இது போதும்.

வட அயர்லாந்து ஒரு தனிச் சிக்கல். அது பிரிட்டனின் பகுதி. ஆனால் அயர்லாந்துக் குடியரசோடு அதற்கு இருப்பது நிலத்தில் ஓடும் எல்லை. அந்த எல்லையில் மறுபடி சோதனைச் சாவடி வந்தால், 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு அடங்கிய வன்முறைத் தீ திரும்பப் பற்றிக்கொள்ளும் என்ற பயம். அதனால் சரக்கு விஷயத்தில் பெருமளவு ஒன்றியத்தின் விதிகளை வட அயர்லாந்திலேயே வைத்துவிட்டு, சோதனையை, பிரிட்டனின் மற்றப் பகுதிகளிலிருந்து சரக்கு வந்திறங்கும் அதன் துறைமுகங்களுக்குத் தள்ளினார்கள். ஒரே நாட்டுக்குள் சுங்கமா என்று கோபம் எழுந்தது. 2023-ல் வின்ட்சர் ஏற்பாடு வந்து, வட அயர்லாந்திலேயே விற்றுத் தீரும் சரக்குக்குப் பச்சைப் பாதை, ஒன்றியத்துக்குள் போகக்கூடியதற்குச் சிவப்புப் பாதை என்று பிரித்தது. பெல்ஃபாஸ்ட் கடைகளில் பால் பாட்டிலில் 'ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சிட்டிருப்பது இதனால்தான்.

வங்கி, தணிக்கை, கட்டடக்கலை போன்ற சேவைகளைப் பற்றி ஒப்பந்தத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரிட்டனின் பொருளாதாரத்தில் பெரும்பங்கு சேவைகள்தான் என்பதை நினைத்தால் விசித்திரமாக இருக்கும். லண்டனில் வாங்கிய ஒரே உரிமத்தை வைத்து ஒன்றியம் முழுக்க வியாபாரம் செய்த நிதி நிறுவனங்கள் அந்த வசதியை இழந்தன. மொத்தக் கணக்கு என்ன என்று கேட்டால், நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் தன் கணிப்புகளில் வைத்திருக்கிறது. மறுபக்கத்தில், யாரோடு வேண்டுமானாலும் தனியாகப் பேசும் சுதந்திரம் வந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தோடு ஒப்பந்தங்கள் ஆயின, பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டிலும் சேர்ந்தது. 2025 ஜூலை 24-ல் இந்தியாவோடும் கையெழுத்தானது. அது திருப்பூருக்கு நல்ல செய்தி. ஆனால் அந்தச் சலுகையில் பிரிட்டனுக்குள் நுழையும் சட்டை டப்ளினுக்குப் போனால், அதே பழைய கேள்விதான் காத்திருக்கும்.

2025 மே 19-ல் லண்டனில் இரு தரப்பும் உட்கார்ந்து, உணவுச் சரக்குக்கான சோதனைகளைப் பெருமளவு நீக்க ஓர் ஒப்பந்தம் செய்வோம் என்று பேசினார்கள். அதற்கு விலை, ஒன்றியத்தின் உணவு விதிகள் மாறமாற பிரிட்டனும் கூடவே மாறிக்கொள்வது. ஐரோப்பியப் படகுகளுக்குப் பிரிட்டன் கடலில் மீன்பிடிக்கும் அனுமதி 2038 வரை நீண்டதும் அதே நாளில்தான்.

தம்பி குடும்பம் ஆகஸ்டில் போய்வந்தது. பாலிசி எடுத்தார்கள், அட்டை நான்கும் பர்ஸில் இருந்தன, இரண்டுக்கும் வேலை வரவில்லை. நெய் லெஸ்டரிலேயே தங்கியது. பாரிஸின் லா ஷப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளில் நெய்யும் கிடைத்தது, கறிவேப்பிலையும் கிடைத்தது. கருவாடு கூடவே போனது, கார் முழுக்க மணத்தோடு. திரும்பும்போது மச்சான் வீட்டில் பிள்ளைகளுக்குப் பிடித்த சீஸை வட்டமாக ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் கோமாரி நோய் பரவியதால், 2025 ஏப்ரல் 12 முதல் ஒன்றியத்திலிருந்து வரும் பயணிகள் இறைச்சி, பால் பொருள் கொண்டுவரப் பிரிட்டன் தடை போட்டிருந்தது. கலே துறைமுகத்தில் வரிசையில் நின்றபோதுதான் அந்த அறிவிப்புப் பலகை அவன் கண்ணில் பட்டது. காரை ஓரங்கட்டி, இருந்த ரொட்டியை எடுத்து, முழுச் சீஸையும் நால்வரும் தின்று முடித்துவிட்டுத்தான் கப்பல் ஏறியிருக்கிறார்கள்.